கிடைத்த மண்ணும் ஆக்கிய மண்ணும்

நெகிரி செம்பிலானில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. நீலாயிலிருந்து தம்பின்வரை எந்தச் சாலையோரத்து மேட்டை வெட்டினாலும் செம்மண் தெரியும். அப்படியிருந்தும் சிரம்பான் வட்டாரத்துச் செடிக்கடைகளில் மண் மூட்டை மூட்டையாக விலைபோகிறது. கரிய மண், சுட்ட மண், தென்னை நார்த்தூள், உமிக்கரி, வெள்ளைப் பொரிபோல் இருக்கும் பெர்லைட் என வகைவகையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், வீட்டுக்குள் அடைபட்ட மக்களிடையே கெலாடி எனும் சேம்பினச் செடிகளின் மோகம் பரவியது. அப்போது செடி வாங்கியவர்களில் பலருக்கு முதன்முறையாக ஒரு கேள்வி எழுந்தது: இதை எந்த மண்ணில் வைப்பது?

கேள்வி அவர்களுக்குத்தான் புதிது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் பயிர் வைத்த ஒவ்வொருவரும் இதற்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். மண்ணைக் கிடைத்தபடி எடுத்து, தீர்ந்ததும் விட்டுப்போனவர்கள் ஒரு வகை. மண்ணை ஆக்கிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. தொட்டிக்கு மண் தேர்பவர் இந்த இரண்டில் எந்த வழியில் நிற்கிறார் என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவிலிருந்து வடக்கே நகர்ந்து தம்பின், கெமஞ்சே பக்கங்களுக்கு வந்த சீன முதலாளிகள் மரவள்ளி நட்டார்கள். காட்டை எரிப்பார்கள். சாம்பல் கலந்த மேல்மண்ணில் இரண்டு மூன்று விளைச்சல் எடுப்பார்கள். கிழங்கு சிறுத்ததும் அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தில் லாலான் புல் ஏறியது. மழைக்காட்டு மண்ணைப் பற்றிய முதல் பாடம் அதுதான். காடு செழிப்பாக இருப்பதால் அதன் அடியிலுள்ள மண்ணும் செழிப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். உண்மையில் அந்தச் செழிப்பு மரத்திலும் இலைச்சருகிலும் மேலே இருக்கும் சில அங்குல மண்ணிலும்தான் இருந்தது. அதற்குக் கீழே இருப்பது பல்லாயிரம் ஆண்டு மழையில் கழுவப்பட்ட புளிப்பு மண். அதன் அமிலக் காரக் குறியீடு பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும், போட்ட பாஸ்பரசைச் செடிக்குக் கொடுக்காமல் தாமே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து வந்தது காப்பி. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கே காப்பித் தோட்டங்களை அழித்தபின், வெள்ளைக்காரத் துரைமார் சிலர் புதிய மண் தேடி மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெஸ்லப் ஹில், 1880-களில் அன்றைய சுங்கை ஊஜோங்கில் ரந்தாவுக்கு அருகே லின்சம் தோட்டத்தில் காப்பி வைத்தார். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்ததும் விலை சரிந்தது. அந்த இடத்தை ரப்பர் பிடித்தது.

அந்த ரப்பரும் இந்நாட்டுக்குள் பெட்டிச் செடியாகத்தான் நுழைந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அங்கிருந்து நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறின. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டறிந்த பெட்டி அது. கீழே ஈரமண், மேலே மூடிய கண்ணாடி. ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து திரும்பவும் மண்ணுக்கே இறங்கும். இன்று வரவேற்பறை மேசையில் கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்ப்பவர்கள் செய்வதும் அதேதான். 1877-இல் சிங்கப்பூர் வந்துசேர்ந்தவை 22 நாற்றுகள். அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகளுக்காகத்தான் பின்னாளில் திருச்சியிலும் தஞ்சையிலும் சேலத்திலும் ஆள்கட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்கள் கங்காணிகள்.

ஹெவியா என்ற இந்தப் பிரேசில் மரம் பரவுவதற்கு முன் மலாயாவில் ரப்பருக்காக நட்ட மரம் வேறு. ரம்போங் என்று அதற்குப் பெயர். ஆலின் இனத்தைச் சேர்ந்தது, இந்தத் தீபகற்பத்துக்கும் அசாமுக்கும் சொந்தமானது. பால் வடிப்பதில் ஹெவியாவிடம் தோற்று, தோட்டங்களிலிருந்து அது வெளியேறியது. ஆனால் உலகெங்கும் வீட்டுக்குள் தொட்டியில் நிற்கும் தடித்த பளபளப்பான இலைகள் கொண்ட ரப்பர் செடி அதுதான்.

ரப்பர்க் காலத்தின் தொடக்கத்திலும் துரைமார் மண்ணைக் கிடைத்த பொருளாகவே நினைத்தார்கள். மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது அன்றைய விதி. துடைத்த தரைதான் நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம். சுரண்டிச் சுத்தம் செய்த சரிவுகளில் மழை பெய்தபோது மேல்மண் ஓடைக்குப் போனது. லிங்கி ஆறு கலங்கி ஓடிய காலம் அது. 1925-இல் மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் அமைந்தபின் போக்கு மெல்ல மாறியது. அக்கழகத்தின் மண் ஆய்வாளர் ஹெய்ன்ஸ், மரத்தடியில் தானாக முளைக்கும் செடிகொடிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று 1934-இல் ஒரு நூலே எழுதினார். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் ஆகிய பயற்றினக் கொடிகளைத் தரை மூடப் பரப்பினார்கள். கொடி வெயிலையும் மழையையும் தாங்கியது, வேரில் நைட்ரஜனைச் சேர்த்தது, உதிர்ந்து மக்கியது. குழியில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைப் பாஸ்பேட்டைப் போட்டார்கள். மண்ணின் புளிப்பே அந்தப் பாறைத்தூளை மெல்லக் கரைத்துக் கொடுத்தது. எது குறையென்று பார்த்தார்களோ அதையே பயனாக்கிக்கொண்ட அறிவு இது. மண் அமைவதில்லை, ஆக்கப்படுவது என்பதைத் தோட்ட முதலாளிகள் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது.

ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு பஹாவ் சாட்சி. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் உணவுச் சுமையைக் குறைக்க, 1943 கடைசியில் யூரேசியரும் சீனரும் அடங்கிய கத்தோலிக்கர்களை பஹாவுக்கு அருகே காட்டில் குடியேற்றினார்கள். ஃபூஜி கிராமம் என்று பெயரிட்டார்கள். எழுத்தர்களும் ஆசிரியர்களும் செவிலியரும் இறுகிய களிமண்ணில் மண்வெட்டி பிடித்தார்கள். எந்த மண்ணில் என்ன விளையும் என்று கேட்டு எடுத்த முடிவாக அது இல்லை. வரைபடத்தில் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். மலேரியாவும் பட்டினியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. அவர்களை வழிநடத்திய ஆயர் அத்ரியான் தெவால், மண்வெட்டி காலில் பட்ட புண் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டுகளில் பக்கத்துத் தோட்டங்களின் தமிழர்கள் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் பிடித்திருந்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் போக மிஞ்சியவர்கள் அவர்கள்.

அந்தத் தமிழர்களுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததை யாரும் அறிக்கையாக எழுதவில்லை. ஆனால் அது இரண்டு இடங்களில் செயலாக இருந்தது.

முதல் இடம் நர்சரி. செம்பனைக் கன்றைப் பாருங்கள். விதை முளைத்தபின் ஏறத்தாழ மூன்று மாதம் சின்னப் பையில் இருக்கும். பிறகு 38 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பைக்கு மாறும். தோட்டத்துக்குப் போகும்வரை அந்தப் பைதான் அதற்கு உலகம். ஒரு பையில் 15 கிலோவுக்குக் குறையாமல் மேல்மண் பிடிக்கும். ஹெக்டேருக்கு 140 கன்று வைத்தால் இரண்டு டன் மேல்மண் பைகளில் மட்டுமே போகிறது. அந்த மண்ணை வெட்டிச் சலித்து, பாறைப் பாஸ்பேட் கலந்து, தட்டி நிரப்பி, வரிசையில் அடுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பையை எண்ணித்தான் கூலி. தளர்த்தி நிரப்பினால் நீர் ஊற்றியதும் மண் கீழிறங்கி வேர் வெளியே தெரியும். அழுத்தி நிரப்பினால் நீர் மேலேயே நிற்கும். கையால் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து விட்டால் உருண்டை உதிர வேண்டும், ஒட்டிக்கொள்ளவும் கூடாது, தூளாகச் சிதறவும் கூடாது. இன்று தொட்டி மண் தேர்வுக்கு இதைவிட நல்ல சோதனையை எந்த மூட்டையின் பின்புறத்திலும் அச்சிடவில்லை.

இரண்டாவது இடம் லயத்தின் பின்கட்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிர் வைக்கவும் மாடு மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க இடம் தந்தது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. சட்டத்தில் இருந்ததெல்லாம் லயத்துக்கு வந்துசேர்ந்துவிடவில்லை. வந்த இடங்களில் நடந்தது கவனிக்கத்தக்கது. தோட்டம் வைப்பதற்கு ஒதுக்கியது பெரும்பாலும் ரப்பருக்கு உதவாத ஓரநிலம். அதில் சாணமும் அடுப்புச் சாம்பலும் சமையற்கட்டுக் கழிவும் சருகும் ஆண்டுக்கணக்கில் விழுந்தன. சாணம் கட்டிமண்ணைப் பொலபொலப்பாக்கியது, சாம்பல் புளிப்பைக் குறைத்துப் பொட்டாசியம் கொடுத்தது. அப்படி ஆக்கிய மண்ணில் முருங்கையும் கறிவேப்பிலையும் வெற்றிலைக் கொடியும் செம்பருத்தியும் நின்றன. மாநிலத்தின் எந்த மண் வரைபடத்திலும் இல்லாத மண் அது.

அதை அவர்களால் எடுத்துப்போக முடியவில்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டார்கள். அதைப் பற்றி அரசாங்கத்துக்காக உங்கு அசீஸ் ஆய்வு செய்தார். துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடமே மாதத் தவணையாகப் பங்குப்பணம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மறு ஆண்டில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் சொத்தானது. அது பெரிய சாதனை, ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க எந்தச் சங்கத்தாலும் இயலாது. பிறகு ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமானது. லயத்துக் குடும்பங்களில் பல அடுக்குமாடியின் நாலாவது, அஞ்சாவது மாடிக்குப் போயின. அங்கே மண் என்பது தொட்டிக்குள் இருப்பது மட்டும்.

தொட்டி மண் நிலத்து மண்ணைப்போல் நடந்துகொள்வதில்லை. பலர் செடியை இழப்பது இந்த இடத்தில்தான். நிலத்தில் பெய்த மழை கீழே கீழே இழுபட்டுப் போகும். தொட்டியில் இழுக்க அடிமண் இல்லாததால், துளை இருந்தாலும் அடியில் ஒரு நீரடுக்கு தங்கிவிடும். மண் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரமாக அது நிற்கும். அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்ற நம்பிக்கை தவறு. நுண்மண்ணிலிருந்து பெருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது, ஆகவே ஈர அடுக்கு இன்னும் மேலே ஏறி வேரைத் தொடும். சாலையோரத்துச் செம்மண்ணை வாரித் தொட்டியில் நிரப்பினால் சில வாரங்களில் அது இறுகி, காற்றில்லாமல் வேர் அழுகுவது இதனால்தான். செடி வாடுவதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், அத்துடன் அதன் கதை முடியும்.

நம் பாட்டிமார் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கமும் இங்கே கொஞ்சம் திருத்தம் கேட்கிறது. மலேசியாவிலேயே மழை குறைந்த பகுதி நம் ஜெலுபு. அங்கேயே ஆண்டுக்குச் சுமார் 1,650 மி.மீ. பெய்கிறது. கோயம்புத்தூரின் மழையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வறண்ட ஊரில் நீரைப் பிடித்துவைப்பது மண்ணின் முதல் வேலை. இங்கே நீரை விடுவிப்பதுதான் முதல் வேலை.

இந்த நாட்டுப் பள்ளிப் பாடத்திலும் வேளாண்துறைக் கையேடுகளிலும் வழங்கும் கலவை எளிமையானது: மேல்மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் லாரன்ஸும் நியூவெல்லும் வகுத்த கலவை இதன் நெருங்கிய உறவு: வண்டல் ஏழு, பீட் எனும் சதுப்பு மக்கு மூன்று, கரடுமணல் இரண்டு. அவர்கள் மண்ணை நீராவியில் வேகவைத்துப் பூஞ்சையையும் களைவிதையையும் கொன்றார்கள். நம் ஊரில் அதே வேலையைச் சுட்ட மண் செய்கிறது. விறகோடு அடுக்கி மெதுவாக எரித்த களிமண் கட்டி, நுண்துளையும் உறுதியும் பெற்றுக் காற்றோட்டம் தரும். ஆனால் அதன் மக்கு எரிந்துபோயிருக்கும் என்பதால் அதை மட்டும் நிரப்பினால் செடி பட்டினி கிடக்கும். கரிய மண்ணின் கறுப்பு நிறமும் சத்துக்குச் சான்று ஆகாது, கரித்தூளும் கறுப்புத்தான்.

எந்தச் செடிக்கு எது என்பதை அந்தச் செடியின் ஊரைக் கேட்டால் சொல்லும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் 3:2:1 போதும், மணலைச் சற்றுக் கூட்டினால் இன்னும் நல்லது. ரம்போங்குக்கும் அதுவே ஒத்துவரும். மரத்தில் தொற்றி ஏறும் கொடிகள் வேறு. ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்ற கொடி மலேசியத் தீபகற்பத்துக்கும் தென் தாய்லாந்துக்கும் உரியது. நம் காட்டில் எவரும் ஏறிட்டுப் பார்க்காத அந்தக் கொடியின் வெண்திட்டு வகையில் நான்கு இலை கொண்ட ஒரு செடி, 2020-இல் நியூசிலாந்தில் 8,150 நியூசிலாந்து டாலருக்கு ஏலம் போனது. அது வாழ்வது மண்ணில் அல்ல, மரப்பட்டையிலும் சருகிலும். அதற்கு மரப்பட்டைத் துண்டும் கரியும் நார்த்துண்டும் பாதிக்கு மேல் இருக்கட்டும், மண் கொஞ்சம் போதும். விலை எதுவானாலும் களிமண்ணில் வைத்தால் அழுகும்.

இனி மூட்டைக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். வட நாடுகளின் பீட் சதுப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்வது. ஒரு மீட்டர் வெட்டினால் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு போகிறது, அதில் பூட்டிக் கிடந்த கரிமமும் காற்றில் கலக்கிறது. அதற்கு மாற்றாக வந்த தென்னை நார்த்தூள், கழிவாகக் குவிந்து கிடந்ததைப் பொருளாக்கியது. பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அது செங்கல்போல் அழுத்தப்பட்டு உலகமெங்கும் கப்பலேறுகிறது. நம் முன்னோர் விட்டுவந்த நாட்டின் தென்னந்தோப்புத் தூள் இன்று உலகத்தின் தொட்டிகளை நிரப்புகிறது. ஆனால் அதுவும் விலையில்லாமல் வருவதில்லை. நார்த்தூளில் உப்பு உண்டு, அதைக் கழுவ ஏராளமான நீர் செலவாகிறது. கழுவிய நீர் நிலத்தடிக்குப் போகிறது என்ற புகார்களுக்கிடையே, 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் ஆலைகளை மாசற்ற தொழில்களுக்குரிய வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. ஆலை நடத்துவோர் எதிர்த்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, ஒரு தொட்டியின் ஈரம் இன்னொருவர் கிணற்றோடு சம்பந்தப்பட்டிருக்கிறது. பயன்படுத்துவோர் கட்டியை ஊறவைத்து நன்றாக அலசிய பிறகே கலக்க வேண்டும். தூளில் சத்து மிகக் குறைவு என்பதால் உரமும் சேர்க்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே கிடைப்பதை முதலில் பார்க்கலாம். செம்பனை ஆலைக்குப் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெறும் குலைச்சக்கையாக மிஞ்சுகிறது. நன்றாக மக்கிய அந்தச் சக்கை நல்ல தொட்டி உரம். அதோடு நெல் வட்டாரங்களின் உமிக்கரி, வீட்டுச் சமையலறைக் கழிவு. இரண்டு பங்கு மக்கை மூட்டையில் வாங்கவே தேவையில்லை.

மூன்று பங்கு மேல்மண்ணில்தான் சிக்கல் இருக்கிறது, அதுதான் இந்த மாநிலத்தின் பொதுப் பிரச்சினையும். நீலாயை உள்ளடக்கிய சிரம்பான் மாவட்டத்திலும் போர்ட்டிக்சன் மாவட்டத்திலும் 1.5 லட்சம் ஹெக்டேருக்கும் மேலான பரப்பை மலேசியா விஷன் வேல்லி என்ற வளர்ச்சித் திட்டம் எல்லையாகக் கொண்டிருக்கிறது. அந்தப் பரப்பில் பெரும் பங்கு பழைய தோட்டநிலம். ஒரு தோட்டம் தாமானாக, அதாவது குடியிருப்பாக மாறும்போது புல்டோசர் முதலில் சுரண்டுவது, கொடி பரப்பியும் சருகு மக்கியும் தொண்ணூறு, நூறு ஆண்டு ஆக்கப்பட்ட மேல்மண்ணை. அது அடிமண்ணோடு கலந்து பள்ளம் நிரப்பப் போகிறது. வீடு கட்டி முடித்ததும் குடிவந்தவர் கடையில் மண் மூட்டை வாங்குகிறார்.

இதற்குத் தீர்வு ஒன்றும் கடினமானதல்ல. தோட்டநிலத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதி தரும்போதே, மேல்மண்ணைத் தனியே எடுத்துக் குவித்துப் பாதுகாத்து, பூங்காவுக்கும் குடியிருப்போர் தோட்டத்துக்கும் திருப்பித்தர வேண்டுமென்று மாநில அரசும் நகராண்மைக் கழகங்களும் நிபந்தனை விதிக்கலாம். குறைந்தவிலை அடுக்குமாடி எழும் இடங்களில் கீழ்த்தளத்தில் பொதுத் தோட்டத்துக்கு நிலம் ஒதுக்கலாம். காலனி ஆட்சியின் சட்டம்கூடக் குடும்பத்துக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கை எழுத்தளவிலாவது ஒப்புக்கொண்டது. சுதந்திர நாட்டின் வீடமைப்புத் திட்டம் அடுக்குமாடிக் குடும்பத்துக்குச் சில சதுர அடிகூடத் தராமல் போவது எந்தக் கணக்கில் சேரும்?

வீட்டளவில் செய்யக்கூடியது தொட்டியோடு முடிகிறது. ஒரு பிடி மண்ணைப் பிசைந்து பாருங்கள், செடியின் ஊரைக் கேளுங்கள், மக்கை வீட்டிலேயே ஆக்குங்கள், பீட்டைத் தவிருங்கள். பொதுநிலத்தில் செய்ய வேண்டியதை அடுத்த நகராண்மைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். நர்சரியில் பை நிரப்பிய பெண்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டி அந்த அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். பொதுத் தோட்டத்துக்கு நிலம் கிடைத்தால், அதில் மண் ஆக்கச் சொல்லிக்கொடுக்க வெளியூர் நிபுணர் யாரும் வேண்டியதில்லை.